பிரிக்கக் கூடாத பொட்டலம்

ஐயா, அன்றைக்குச் சாமி முன்னால் வைத்த இரண்டு பொட்டலங்களிலும் வெள்ளைப் பூவைத்தான் வைத்திருந்தீர்கள். கட்டியது நீங்கள். வேறு யாருடைய கையும் அதில் படவில்லை.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன், அதற்குப் பிறகு மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும். அழகாக எழுதுகிறவர்கள் உங்கள் சங்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் அழகாக எழுதட்டும், நான் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. என் அக்காவின் பெயரையும் போடவில்லை. உங்கள் பெயர் உங்களுக்குத் தெரியும், அது போதும்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

பாலம் கட்டாத காலம் அது. தீவிலிருந்து அக்கரைக்குப் போக ஃபெரிதான். அக்காவுக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. அவள் குரலைக் கேட்டால் போன கப்பல்கூடத் திரும்பி வந்துவிடும் என்று அப்பா கேலி செய்வார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிறகு கிரேன் ஓட்டியவர். எனக்குப் பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டும். ஷிஃப்டு முடிந்து வெளியே வந்தால் பஸ் நம்பர்கூடத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்டுத்தான் ஏறுவேன்.

அக்கா முதலில் வருகிற ஃபெரியை விட்டுவிட்டு அடுத்த ஃபெரியில் போக ஆரம்பித்தாள். சேலைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏன்க்கா, வர்ற ஃபெரிய விட்டுட்டு நிக்கிறியாமே?"

"கூட்டம் லா."

"அடுத்த ஃபெரியில கூட்டம் இல்லையா?"

"அதுலயும் கூட்டம்தான். ஆனா நல்ல கூட்டம்."

அந்த நல்ல கூட்டம் உங்கள் மகன். அதே ஆபீஸில் மாடியில் கிளார்க். கழுத்துப் பட்டன்வரை பூட்டிய சட்டை, கையில் எப்போதும் குடை. வெயில் கொளுத்தும், குடையை விரிக்க மாட்டார். மழை கொட்டும், அப்போதும் விரிக்க யோசிப்பார். அக்காவுக்குக் கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்து, மேல்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து, காகிதச் சுருளில் கடலை தீரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வருவாராம். "பேசவே மாட்டாரா?" என்று கேட்டேன். "கடலை தீந்தப்புறம் பேசுவாரு" என்றாள். அதற்குள் படகு கரை சேர்ந்துவிடும். இப்படியே ரொம்ப நாள் போய்க் கடைசியில் கல்யாணப் பேச்சுக்கு வந்தது என்றால், அந்தக் கடலைக்காரனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பாவுக்குப் பயம்.

"யாழ்ப்பாணத்து ஆளுங்கம்மா. கிராணி வீடு, ஆபீஸ் உத்தியோகக்காரங்க. நம்மள உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்கப்பா, செருப்ப வெளிய விட்டா" என்றேன்.

"இந்த வாய் இருக்கே, இதோட ஒன்னையும் எவன் கட்டிக்கப் போறான்?" என்றார். பிறகு ஒருவன் கட்டிக்கொண்டான். அது வேறு கதை, நன்றாகத்தான் போகிறது.

பெண் வீட்டார்தான் முதலில் வர வேண்டும் என்று உங்கள் மகன் மூலம் சொல்லி அனுப்பினீர்கள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து வந்தோம். உங்கள் முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறையச் சமயப் புத்தகங்கள். நீங்கள் உங்கள் மனைவியோடு இங்கிலீஷில் பேசினீர்கள். எங்களோடு மட்டும் காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசினீர்கள்.

"பிள்ளை நல்ல பிள்ளை. அதில ஒரு பிழையும் நான் சொல்லேல்ல. ஆனா பாருங்கோ, நாங்கள் சைவ ஆக்கள். உங்கட பக்கத்தில முனியாண்டிக்குக் கிடாய் வெட்டுறவை எண்டு கேள்விப்பட்டனான்."

"வருசத்துக்கு ஒருக்காதாங்க ஐயா" என்றார் அப்பா, ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்போல.

உங்கள் சமையலறையிலிருந்து நண்டுக்கறி வாசனை வந்துகொண்டிருந்தது. நல்ல வாசனை. மிளகும் முருங்கையிலையும் போட்டது. எனக்கு வாயைக் கட்ட முடியவில்லை.

"நண்டு எந்தச் சாமிக்குங்க?" என்றேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். உங்கள் மகனுக்குச் சிரிப்பு வந்தது, அதைக் குடைக்குப் பின்னால் மறைத்தார். வீட்டுக்குள்ளும் குடை. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "அது சாப்பாடு. இது சமயம்" என்றீர்கள். சரி, அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் மகன் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே தைரியமான காரியம் என்று நினைக்கிறேன். "நான் கட்டினா இவவைத்தான் கட்டுவன் அப்பா" என்றார், எல்லோர் முன்னாலும். உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அப்புறம்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தீர்கள்.

"இது மனுசர் முடிவு செய்யிற விசயமில்லை. கடவுளிட்டையே கேப்பம். பூக் கட்டிப் பாப்பம்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். நிலம் வாங்க, வேலை மாற, ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று கேட்க, எல்லாவற்றுக்கும் பூக்கட்டிப் பார்ப்போம். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. ஒரே மாதிரி காகிதம், ஒரே மாதிரி கட்டு. சாமி காலடியில் வைத்துக் குலுக்கி, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார்கள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அதை அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவார்கள், அல்லது தண்ணீரில் விடுவார்கள். பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். இந்த விஷயத்தில் யாழ்ப்பாணம், இந்தியா என்று வித்தியாசம் கிடையாது. நாங்களும் நீங்களும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

"சிவப்பு வந்தா சம்மதம். வெள்ளை வந்தா வேண்டாம். பொட்டலத்தை நானே கட்டிக்கொண்டு வாறன், நீங்கள் ஒண்டுக்கும் அலைய வேண்டாம்" என்றீர்கள்.

திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். எவ்வளவு பொறுப்பு பாரு."

கோயில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில், தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த நேரம். எங்கள் சித்தப்பாவும் வந்திருந்தார். அப்பாவின் தம்பி. யூனியன்காரர். கடவுள் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிபவர்.

"நான் உள்ள வரல. கொள்கை."

"மழை தூறுது சித்தப்பா."

"கொள்கைக்கு மழ வெயில் எல்லாம் கெடையாது."

சொல்லிவிட்டுக் கோயில் கூரை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், நனையாமல், வசதியாக நின்றுகொண்டார். "சுண்டல் குடுத்தா வெளிய அனுப்பு" என்றார்.

நீங்கள் வேட்டி, சால்வை, நெற்றி நிறைய விபூதியோடு வந்தீர்கள். மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துக் குருக்களிடம் கொடுத்தீர்கள். நியூஸ்பேப்பர் காகிதம், வெள்ளை நூல். குருக்களின் பேத்தி, முகம் முழுக்கப் பவுடர், வாயில் கற்கண்டு, ஓடி வந்து ஒன்றை எடுத்தாள். குருக்கள் பிரித்தார். மல்லிகை.

"உத்தரவு கிடைக்கலம்மா" என்றார்.

உங்கள் மனைவி பெருமூச்சு விட்டார். உங்கள் மகன் தரையையே பார்த்தார். அப்பா தோள் துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். அக்கா அழவில்லை. குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு, சந்நிதியைப் பார்த்து நின்று, நிதானமாக விழுந்து கும்பிட்டாள். வேண்டாம் என்று சொன்ன சாமியை அவள் அப்படிக் கும்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு அப்போது உங்கள்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை. அக்காவுக்குக் கிடைக்காமல் போன அந்தச் சிவப்புப் பூவைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். தட்டில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து நூலை அறுத்துப் பிரித்தேன்.

உள்ளேயும் மல்லிகை.

"சாமி, இதுவும் வெள்ளை!"

குருக்கள் பதறிப் போனார். "என்னம்மா பண்றே? அதைத் தொடலாமா? பிரிக்கலாமா?"

"பிரிச்சாச்சு. இதுவும் வெள்ளை. பாருங்க."

"பாவம்மா பாவம்! சாமி முன்னால வெச்சதைப் பிரிக்கறதாவது!"

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் பிரித்தேன் என்பதுதான் எல்லோருக்கும் பெரிய விஷயமாகப் போய்விட்டது. அப்புறம் உங்கள் மனைவி என் தலையைக் காட்டினார்.

"அவவின்ர கொண்டையைப் பாருங்கோ. மல்லிகை வச்சிருக்கிறா. அதிலயிருந்து விழுந்திருக்கு."

ஆமாம், வைத்திருந்தேன். அக்காவுக்கு நல்ல நாள் என்று ஆசையாக வைத்துக்கொண்டு வந்தேன்.

"என் தலையில இருக்கறது தொடுத்த சரம். இது உதிரிப் பூ. சரி, விழுந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அப்ப உள்ள இருந்த செவப்பு எங்க? பறந்துருச்சா?"

குருக்கள் குனிந்தார். தரையிலிருந்து ஒரு செவ்வரளியை எடுத்தார். "இதோ இருக்கே. நீதான் கொட்டிட்டே."

"கோயில் தரையில செவப்புப் பூ கெடக்காம கருவாடா சாமி கெடக்கும்?"

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். சம்பாதிக்கிற வயதில், வளையல் போட்ட கையால், பிள்ளையார் முன்னால். வெளியே இருந்த சித்தப்பா கொள்கையை மறந்து உள்ளே ஓடி வந்தார். அத்தோடு எல்லாம் முடிந்தது.

இத்தனை கூச்சலுக்கு நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு "சிவ சிவா" என்றீர்கள். வேறொரு வார்த்தை பேசவில்லை. நான் வைத்தேன் என்றும் சொல்லவில்லை, வைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. குருக்கள் உங்களுக்காகப் பேசினார், உங்கள் மனைவி உங்களுக்காகப் பேசினார், என் அம்மாவின் கைகூட உங்களுக்காகத்தான் பேசியது. நீங்கள் பொய்யே சொல்லவில்லை. அதுதான் உங்கள் கெட்டிக்காரத்தனம்.

சித்தப்பா என்னைச் சூலியா தெருவில் அவர் வழக்கமாக உட்காரும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்கார பாய் அவருக்குப் பழைய சிநேகிதர். கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்து, கேட்காமலேயே ஐஸ் போட்ட கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார்.

"குடிக்கவா, ஒத்தடம் குடுக்கவா பாய்?"

"மொதல்ல ஒத்தடம், அப்புறம் குடி."

சித்தப்பா மேசையைத் தட்டினார். "பாத்தியா? மதம்னு ஒண்ணு இல்லன்னா இன்னிக்கு உங்கக்காவுக்குக் கல்யாணம் நிச்சயம். உலகத்துல நடக்கற எல்லாச் சண்டைக்கும் இதுதான் வேரு. பிடுங்கிப் போடணும்."

"அண்ணே, டீ ஆறுது" என்றார் பாய். "மதத்தப் பிடுங்கிட்டா என்ன பண்ணுவாங்க தெரியுமா? சம்பளம் பாப்பாங்க. அதுவும் சரியா இருந்தா நெறம் பாப்பாங்க. அதுவும் சரியா இருந்தா பொண்ணு சத்தமா சிரிக்குதும்பாங்க. வேணாம்னு நெனச்சுட்டா காரணமா கெடைக்காது?"

"ஒங்க ஆளுங்க மட்டும் என்ன யோக்கியமா?"

"எங்க ஆளுங்களத்தான் சொல்றேன். நானே என் மருமவன ஒரு வருசம் வாசல்ல நிக்க வெச்சேன். அவங்க நாகூரு, நாங்க கடையநல்லூரு. ஒரே பள்ளிவாசல், ஒரே தொழுகை. கொழம்புதான் வேற."

"கொழம்புக்கா ஒரு வருசம்?"

"நல்ல கொழம்புண்ணே அவங்களது. அதான் கோவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கன்னம் வலித்தது. சித்தப்பா மட்டும் விடவில்லை. கடைசி பஸ் போகிறவரை மதத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சித்தப்பாவின் மகளுக்கும் கொஞ்ச வருஷம் கழித்து ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். நல்ல பையன், டெக்னீஷியன், சொந்தமாக மோட்டார் சைக்கிள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். சாமி படமே இல்லாத வீடு அது. விளக்குகூடக் கிடையாது. சித்தப்பா வந்தவர்களை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஊர்ல நீங்க எந்தப் பக்கம்? எந்த ஆளுங்க?"

அவர்கள் போன பிறகு கேட்டேன். "சித்தப்பா, இதுல எந்த மதம் வந்துச்சு?"

"இது வேற. இது சமூகப் பின்னணி."

அந்தப் பையனையும் வேண்டாம் என்றுதான் சொன்னார். பூ இல்லை, பொட்டலம் இல்லை, குருக்கள் இல்லை. சித்தப்பா ஒருவரே போதுமாக இருந்தது. அன்றிலிருந்து மதம்தான் எல்லாச் சண்டைக்கும் வேர் என்று அவர் ஆரம்பித்தால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அதற்காக மதத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நான் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம்.

இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் கைக்குத்தான் வேலை, மூளைக்கு விடுமுறை. அக்காவுக்கு உங்கள் வீட்டில் இடமே இல்லை. நீங்கள் தரத் தயாராக இல்லை. எங்கள் பக்கத்திலும் கேட்கத் தைரியம் இல்லை. அவளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பைக் கொடுத்தது அந்தப் பூக்கட்டும் பழக்கம் ஒன்றுதான். சிவப்பும் வெள்ளையும் சமம். கிராணி மகன், கிரேன்காரர் மகள் என்று பூவுக்குத் தெரியாது. அந்த அளவில் மதம் எங்களுக்கு நியாயமாகத்தான் நடந்துகொண்டது. மனிதர்களைவிட நியாயமாக.

ஆனால் எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறோமே, அதை யார் வைத்தது? பிரித்தால் பாவம் என்று எல்லோரையும் பயமுறுத்தி வைத்திருக்கிறோமே, அது யாருக்கு உதவியது? கட்டுகிறவர் எதை வேண்டுமானாலும் கட்டலாம், கேட்கிறவள்தான் பாவி. இதற்கான பழி மதத்துக்கு உண்டு. நான் அதைத் தள்ளுபடி செய்ய மாட்டேன். சந்தேகப்படுகிறவளை அறைகிற எந்தப் பக்தியும், ஏமாற்றுகிறவருக்குக் கதவைத் திறந்து வைத்த பக்திதான். மதத்தின் குற்றம் அந்தக் கதவோடு நின்றுவிடுகிறது. அதன் வழியாக நடந்து உள்ளே போனவர் நீங்கள்.

உங்கள் மகனைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவரை வேண்டிய அளவு அப்போதே திட்டி முடித்துவிட்டேன். கடவுளே சொல்லிவிட்டார் என்று கோலாலம்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். நன்றாக இருக்கட்டும். அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை.

அக்கா தொடர்ந்து வேலைக்குப் போனாள். பாலம் வந்த பிறகும் அவளுக்கு ஃபெரிதான். ஆபீஸில் அவள் சிரிப்பு மாடி வரை கேட்கும், இப்போதும் கேட்கும். சோகமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் அவள் மீன் பேரம் பேசுவதைப் பார்த்தால் மீன்காரனுக்காகத்தான் பரிதாபப்படுவீர்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த மாப்பிள்ளையையும் அவள் பார்க்க ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்டி, விடு லா" என்பாள், அதோடு சரி. உங்கள் மகனை நினைத்துத்தான் மறுக்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அது தப்பு என்று ஒரு தைப்பூசத்தில் தெரிந்தது.

ஒவ்வொரு வருஷமும் அவள் பால்குடம் எடுப்பாள். நான் கூடவே அவள் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பேன். வாட்டர்ஃபால் ரோடு முழுக்கப் பந்தல்கள். ஒவ்வொரு பந்தலிலும் ஒவ்வொரு பாட்டு. ஒரே முருகனை எல்லாரும் வெவ்வேறு ஸ்பீக்கரில் கூப்பிடுவதால் அவருக்கு ஒன்றும் விளங்காது என்று நான் சொல்வேன், அக்கா குடத்தைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாள். அந்த வருஷம் ஒரு பந்தலில் மோர் வாங்கி அவள் வாயில் ஊற்றிவிட்டுச் சும்மா கேட்டேன்.

"வருசா வருசம் தூக்கறியே, என்னதான்க்கா வேண்டிக்கற?"

"வேண்டிக்கல. மன்னிப்பு கேக்கறேன்."

"நீயா? எதுக்கு?"

"தெரியலடி. அதான் கேக்கறேன். அன்னிக்கு வேணாம்னு சொன்னாரில்ல? நம்மகிட்ட ஏதோ தப்பு இருக்கப்போய்த்தானே சொன்னாரு. பிள்ளையாரு சொன்னா என்ன, முருகன் சொன்னா என்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே."

எனக்கு நடுரோட்டில் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். ஸ்பீக்கர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"ரெண்டுலயும் வெள்ளைதான்க்கா! நான் பிரிச்சேன்! நான் பாத்தேன்!"

"நீ பாத்தே. ஒன் தலையிலயும் மல்லிகை இருந்துச்சு. தரையில செவப்பும் கெடந்துச்சு. நான் திரும்பி நின்னுகிட்டிருந்தேன்." குடம் சிந்தாமல் நிதானமாகப் பேசினாள். "நீ எனக்காகப் பொய் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அந்தளவுக்கு எம்மேல பாசம் ஒனக்கு. நான் எப்படி நம்பறது?"

"அப்ப யாரு சொன்னா நம்புவே?"

"பொட்டலம் கட்டுனவரு வாயால சொன்னா நம்புவேன்."

கேட்டீர்களா ஐயா? உங்கள் மகன் போனது அவளுக்குப் பெரிதில்லை. போனால் போகிறார், குடையோடு. சாமிக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் இன்னொரு கல்யாணம் வேண்டாம் என்கிறாள். சாமிக்கு ஆகாதவளை ஒருவன் தலையில் கட்டினால் அவனுக்கும் கெடுதல் வருமாம். நீங்கள் கட்டிய பொட்டலம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

போன மாதம் உங்கள் சங்க மண்டபத்துக்கு வந்தேன். சமயம் மனிதரைப் பிரிக்கிறதா என்று நீங்கள் பேசப் போவதாக நோட்டீஸ் பார்த்தேன். விட முடியுமா? பின்வரிசையில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் பேசினீர்கள். வயதாகியும் குரல் தளரவில்லை.

"மனுசர் செய்யிற பிழைக்குச் சமயத்தைக் குற்றம் சொல்லாதேயுங்கோ. பிழை மனுசரிலதான்" என்றீர்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு அதில் முக்கால்வாசி சம்மதம். அப்புறம் கையைத் தூக்கி எழுந்து நின்றேன். "எந்த மனுசர்னு ஒரு பேரு சொல்லுங்கய்யா" என்று கேட்க இருந்தேன். மைக் வைத்திருந்த தம்பி ஓடி வந்து, "கேள்வி நேரம் முடிஞ்சிருச்சுக்கா, கீழ டீ ரெடி" என்றார். வடை வந்துவிட்டால் நம் ஆட்களிடம் எந்தக் கேள்வியும் நிற்காது. மண்டபம் காலியாகிவிட்டது. நீங்கள் மட்டும் மேடையிலிருந்து என்னைப் பார்த்தீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தீர்கள். யார் என்று தெரிந்துவிட்டது உங்களுக்கு.

முன்பெல்லாம் உங்களை வேஷக்காரர் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. உங்கள் மகன் அடம் பிடித்ததால் சாமியைக் கூப்பிட்டீர்கள், அது சரி. சாமி இல்லை என்று நினைக்கிறவராக இருந்தால் ஒன்றில் சிவப்பும் ஒன்றில் வெள்ளையும் வைத்துவிட்டு, சிவப்பு வந்தால் வேறு சாக்கு தேடியிருப்பீர்கள். சிவப்பு வந்துவிட்டால் அதை மீற உங்களால் முடியாது. அவ்வளவு நம்பிக்கை உங்களுக்கு. அதனால்தான் சிவப்பே வராமல் பார்த்துக்கொண்டீர்கள். எங்கள் சித்தப்பாவுக்கு இந்தப் பயம் கிடையாது, அவர் நேராக வேண்டாம் என்றார். நீங்கள் சாமி சம்மதித்துவிடுவாரோ என்று பயந்து அவர் வாயைப் பொத்தினீர்கள். சமயத்தைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர் செய்கிற வேலையா அது?

அடுத்த மாதமும் நீங்கள் பேசப் போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த முறை அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் உட்காருவோம். இரண்டு பேரும் தலையில் பூ வைத்துக்கொள்ள மாட்டோம். மன்னிப்பு கேட்க வேண்டாம், அழ வேண்டாம், சிவ சிவா வேண்டாம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, டீ வருவதற்கு முன்னால், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

என் அக்காவை வேண்டாம் என்று சொன்னது சாமியா, நீங்களா?